விழுங்காதவர்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். அப்பா இருக்கிறார். சுகமா என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு நீயே சொல்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ குறுக்கே பேசுவாய்.

நீ அனுப்பிய புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்றைப் பற்றித்தான் எழுத வேண்டும். பச்சை மூடி. வெளியே ஓர் இலை, இலைக்குக் கீழே பல் தெரியச் சிரிக்கும் ஓர் ஆள். பவுடர் தீர்ந்து காலியானதும் அது எங்கே போனது என்று நான் தேடவில்லை. அப்பாவின் அலமாரிக்கு மேலே, பழைய சூட்கேஸுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

முதலில் நாற்றம். எலி செத்திருக்கும் என்று நினைத்தேன். கட்டிலை நகர்த்தினேன். பாய்க்கு அடியில் பார்த்தேன். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் குனிவதையும் நிமிர்வதையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஈக்கள் வழி காட்டின.

மூடியைத் திறந்தேன். உள்ளே காகித உருண்டைகள். ஒன்றைப் பிரித்தேன். ஏன் பிரித்தேன் என்று தெரியவில்லை. மென்ற இறைச்சி. நார் நாராக, சாம்பல் நிறத்தில், நன்றாக அரைபட்டு, விழுங்கப்படாமல். இன்னொன்று. அதுவும். அடியில் இருந்தவை பச்சை பூத்திருந்தன. அதற்கும் அடியில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. சிரிக்கிற ஆளுக்கு நேர் பின்னால்.

குளியலறை வரைக்கும் என்னால் போக முடியவில்லை. நடைவழியிலேயே வாந்தி எடுத்தேன். இதை எழுதும்போதும் வாயில் எச்சில் ஊறுகிறது. பசியால் அல்ல.

அப்பாவின் வேலை உனக்கு மறந்திருக்காது. மறக்க ஆசைப்பட்டவன் நீ. பள்ளியில் கேட்டால் "ஆலையில் ஆபீசர்" என்பாய். நான் ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். இறைச்சி ஆலை, சாசேஜ் பிரிவு, ருசி பார்ப்பவர். ஒவ்வொரு அரவையிலும் ஒரு துண்டு வரும். மெல்ல வேண்டும். உப்பு, கொழுப்பு, பழசு, புதுசு எல்லாம் சொல்ல வேண்டும். பிறகு வாளியில் துப்ப வேண்டும். வெந்நீர், காய்ந்த ரொட்டி, அடுத்த துண்டு. விழுங்கினால் நாலாவது துண்டுக்குள் நாக்கு மந்தமாகிவிடும் என்பார். வகுப்பில் ஒருத்தி கேட்டாள், "அப்போ உங்கப்பாவுக்குத் துப்புறதுக்கா சம்பளம்?" அன்று முதல் நானும் ஆபீசர் என்றுதான் சொன்னேன். ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் பெருமை.

அம்மா இருந்தவரை, வேலையிலிருந்து வந்ததும் அவர் வாய் கொப்பளித்த பிறகுதான் எங்களோடு பேசலாம். கொப்பளித்தாலும் அந்த வாடை போகாது. நீ மாமிசத்தை விட்டது உடம்புக்காக என்கிறாய். நான் விட்டது அந்த வாடைக்காக. இரண்டும் ஒன்றல்ல.

அவருடைய மாரடைப்புக்குப் பிறகு டாக்டரம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொழுத்த இறைச்சியை நிறுத்துங்கள், உப்பைக் குறையுங்கள், காய், பருப்பு, பழம் அதிகம் சேருங்கள் என்றார். அவ்வளவுதான். அதை ஒரு மதமாக மாற்றியது நீ. பால் வேண்டாம். முட்டை வேண்டாம். தேன்கூட வேண்டாம். ஞாயிறுதோறும் வீடியோவில் வந்து தட்டைக் காட்டச் சொன்னாய். அப்பா தட்டைத் தூக்கிக் காட்டுவார், பரீட்சையில் பேப்பர் காட்டுகிற பையன் மாதிரி.

பலன் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கொழுப்பு இறங்கியது. ரத்த அழுத்தம் இறங்கியது. ஆயுசுக்கும் படுத்திய மலச்சிக்கல் போயே போனது. டாக்டரம்மா முதுகில் தட்டிக் கொடுத்தார். நீ போனில் ஜெயித்தவன் மாதிரி சிரித்தாய்.

ஆனால் அவர் சாப்பிடுவதில்லை. "மண்ணு திங்குற மாதிரி இருக்கு" என்கிறார். நேற்று நான் வைத்த பருப்பு சூப்பில் உப்புப் போட்டார். மறுபடி போட்டார். மறுபடியும். என் சமையலைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். பகலெல்லாம் நாற்காலியில் தூங்குகிறார். முகம் மெழுகு மாதிரி வெளுத்துவிட்டது. சாந்தமாகிவிட்டார், உணவு குணத்தை மாற்றும் என்று நீ சொன்னாய். போன வாரம் கடைத்தெருவிலிருந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தார். இன்னொன்று எங்கே என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, அப்போதுதான் தெரிந்தவர் போல "அட" என்றார்.

டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். இந்த வயதில் திருட்டுத் தீனியா, நாய்கூடக் கக்கியதைப் பெட்டியில் போட்டு வைக்காதே என்றேன். அவர் கோபப்படவில்லை. டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் விழுங்கலயேம்மா. ஒரு வாய்கூட விழுங்கல. டாக்டரம்மாவுக்குக் குடுத்த வாக்கை எங்க மீறினேன்?" என்றார்.

அந்த நியாயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

டப்பாவை இரண்டு பைகளில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போட்டேன். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். இப்போதும் அவர் குடித்த டம்ளரைத் தனியாக வைக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வைக்கிறேன்.

அவரோடு நீ பேசு. தட்டைப் பற்றி அல்ல.

தங்கை


அண்ணனுக்கு,

என் முதல் கடிதம் உனக்கு வந்து சேர்வதற்கு முன்பே இதை எழுதுகிறேன். அதில் நான் எழுதியவற்றில் ஒன்று தவறு. எது என்று சொல்கிறேன்.

இறைச்சி யார் கொண்டுவந்து கொடுக்கிறார் என்று கண்டுபிடிக்க அதிகம் கஷ்டப்படவில்லை. அரவை மெஷின்காரர். உனக்கு ஞாபகம் இருக்கும். மெஷின் சத்தத்தில் காது போனவர். ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார். நான் கல்லூரிக்குப் போன பிறகு வருகிறார் என்று கீழ்வீட்டு அக்கா சொன்னார். "கையில ஒரு டிபன் டப்பா, முகத்துல ஒரு திருட்டு முழி" என்றார். அன்றைக்குக் கல்லூரிக்குப் போகாமல் மாடிப்படியில் நின்றேன்.

வந்தார். டப்பாவைப் பிடுங்கினேன். செத்தால் நீங்கதான் பொறுப்பு, நண்பனா எமனா என்று கேட்டேன். அவர் முதலில் என் உதட்டையே பார்த்தார். புரிந்ததும் முகம் கோணிப் போயிற்று.

"ஆசைக்குன்னா நெனச்சே? அட கழுதை. பரிச்சை வெக்கிறோம்மா" என்று கத்தினார்.

படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கட்டடம் முழுக்கக் கேட்டது. அப்பாவே ஆளனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று துண்டு கொண்டு வா, ஒன்றில் உப்பு இருக்கட்டும், ஒன்றில் இருக்க வேண்டாம், ஒன்று நேற்றைய சரக்காக இருக்கட்டும், எது எது என்று சொல்லாதே என்றிருக்கிறார். ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாராம். ஆலை மாதிரியே வெந்நீர், காய்ந்த ரொட்டி. மெல்லுவார், சொல்லுவார், துப்புவார். வாளிக்குப் பதில் உன் டப்பா.

முதல் தடவை மூன்றும் தப்பு. "சரியாச் சொன்னே நாக்கு" என்று இவர் சொல்லியிருக்கிறார். மறுபடி வந்தபோதும் தப்பு. மறுபடியும் "சரி". ஒரு நாள் அவசரத்தில் ஒரே துண்டை மூன்றாக வெட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். அப்பா மென்று பார்த்து, இது உப்பு, இது சப்பு, இது பழசு என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். "மூணும் ஒண்ணும்மா! ஒரே துண்டு! நான் சரின்னு பொய் சொன்னேன்! ஆலையில உங்கப்பன் மூக்குல காட்டினாலே தேதி சொல்லுவான்!" என்று கத்திவிட்டு, மெஷின்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எங்களுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"தெரியும்டா" என்றார். "உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா? நாக்குதான் போச்சு. கண்ணு இருக்கே."

பிடுங்கிய டிபன் டப்பாவை மெஷின்காரர் கையில் திருப்பிக் கொடுத்தேன். கீழ்வீட்டில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது.

நான் தவறாக எழுதியது இதைத்தான். திருட்டுத் தீனி என்று எழுதினேன். ருசி தெரிந்தால்தானே தீனி. மண் என்று அவர் சொன்னபோது காய்கறியைத் திட்டுகிறார் என்று நானும் நினைத்தேன், நீயும் நினைத்தாய். பழக்கம் விடாது, நாக்கு மாறப் பல வாரம் ஆகும் என்று நீ விளக்கினாய். அவர் இருப்பதை இருப்பது போலச் சொல்லியிருக்கிறார். காய் மண். பருப்பு மண். இறைச்சியும் மண்.

வாயைத் திறக்கச் சொன்னேன். இத்தனை வருடத்தில் நான் பார்க்கவே விரும்பாத வாய். ஜன்னல் வெளிச்சத்தில் நாக்கை நீட்டினார்.

எப்படி எழுதுவது. நாக்கு என்றால் சொரசொரப்பு இருக்கும் அல்லவா. அது இல்லை. வழவழப்பு. பளபளப்பான, ரத்தச் சிவப்பு. ஓரங்களில் வெடிப்பு. இறைச்சிக் கடையில் தோலுரித்துத் தொங்கவிடுவதில் ஒரு துண்டை வெட்டி வாய்க்குள் வைத்தது போல. இந்த முறை நான் முகத்தைத் திருப்பவில்லை. "வலிக்குதா?" என்றேன். "காரம் பட்டா எரியும். நீதான் காரமே போடறதில்லையே" என்று சிரிக்கப் பார்த்தார்.

டாக்டரம்மா நாக்கைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஊசி முனையால் பாதத்தைத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு, "எப்பத் தொடுவீங்க?" என்றார். அப்போது தொட்டு முடித்திருந்தார். ரத்தம் எடுத்தார்கள். பி12 கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ரத்தசோகை. நரம்பு பாதிப்பு.

டாக்டரம்மா சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன், நீ வெட்டி ஒட்டாமல் இருக்க. "மரக்கறி சாப்பிடறது நல்லதுதாம்மா. அவர் இதயத்துக்கு நல்லதுதான் நடந்திருக்கு. ஆனா பி12 செடியில கிடைக்காது. பாலு, முட்டையில கொஞ்சம் இருக்கு. அதையும் நிறுத்திட்டா மாத்திரை போட்டே ஆகணும். இவர் வருஷக்கணக்கா வயித்தெரிச்சல் மாத்திரை வேற போடறார். அதனால ஏற்கனவே உடம்பு சரியா உறிஞ்சல, இருப்பு கொஞ்சம்தான் இருந்திருக்கும். உள்ள வர்றதையும் நிறுத்திட்டீங்க." பிறகு என்னைப் பார்த்து, "நான் காய், பருப்பு சாப்பிடச் சொன்னேன். பட்டினி போடச் சொல்லலியே" என்றார். பருப்போடு எலுமிச்சை பிழியுங்கள், இரும்புச் சத்து சேரும், சாப்பிட்ட கையோடு தேநீர் கொடுக்காதீர்கள் என்றார். நான் மூன்று வேளையும் அந்தத் தேநீரைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரொட்டியும் தேநீரும். உன் கணக்கில் அது சுத்த சைவம்.

ஊசி போடுகிறார்கள். நாக்கு பெரும்பாலும் திரும்பும் என்றார் டாக்டரம்மா. பாதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, பார்ப்போம் என்றார்.

அன்று மாலை அண்ணிக்குப் போன் செய்தேன். உன்னிடம் பேசத் தைரியம் இல்லை, கத்தியிருப்பேன். பி12 என்று சொன்னதும் அண்ணி, "ஆமா, அது நாங்க வாரா வாரம் போட்டுக்குவோமே. இவர் உங்ககிட்ட சொல்லலியா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். பாவம்.

நீ சொல்லவில்லை அண்ணா. மாத்திரை ஏதாவது வேண்டுமா என்று அப்பா வீடியோவில் உன்னிடம் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "எல்லாம் காய்கறியிலயே இருக்குப்பா. மாத்திரை மருந்துக் கம்பெனிக்காரன் பொழைக்க" என்றாய். சொன்னபோது உனக்குப் பின்னால் அலமாரியில் ஒரு மாத்திரைப் புட்டி இருந்தது. அப்போது அதை நான் பார்த்தேன், கவனிக்கவில்லை. இப்போது கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

ஏன் என்று யோசித்தேன். மறதி என்று நினைக்க ஆசை. ஆனால் உன் சைவத்தில் ஒரு குறையும் இருக்கக்கூடாது, அதுவும் அப்பாவுக்கு முன்னால் இருக்கவே கூடாது என்று நினைத்தாய் என்று தோன்றுகிறது. துப்பிச் சம்பாதித்த வாயைக் கழுவிவிட வேண்டும் உனக்கு. எனக்கும் அந்த ஆசை உண்டு. அதனால்தான் உன்னைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது, கண்ணாடியில் பார்ப்பது போல. நான் தினமும் பால் குடித்துக்கொண்டு, அவருக்கு அதே சமையலறையில் வெறும் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

இறைச்சி அருவருப்பு என்று இத்தனை நாள் நினைத்தேன். இறைச்சி பாவம், சும்மா அழுகுகிறது.

தங்கை


அண்ணா,

உன் கடிதம் வந்தது. ஆறு பக்கம். அதில் ஆராய்ச்சிகள் நாலு பக்கம். மன்னிப்பு எங்கேயோ நடுவில் இருந்தது, எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. உன் கையெழுத்தை மட்டும் காட்டினேன். "எழுத்து இன்னும் சாஞ்சுதான் இருக்கு" என்றார். உறையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மறுபடி அவருக்கு மாமிசம் கொடுக்கப் போகிறேனா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. டாக்டரம்மா மரக்கறியே தொடரட்டும் என்றார். அப்பாவும் அதற்கே தலையாட்டினார். இப்போது தயிரும் முட்டையும் உண்டு. ஊறவைத்த பயறு, கீரை, எலுமிச்சை உண்டு. தேநீர் சாப்பாட்டுக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான். ஊசி உண்டு. மெஷின்காரர் டிபன் டப்பாவில் இப்போது வெள்ளரிக்காய் கொண்டுவருகிறார். "பரிச்சைப் பாடம் மாத்திட்டாங்க" என்று கத்துகிறார்.

பரீட்சை நிற்கவில்லை. மூன்று கிண்ணத்தில் பருப்பு சூப். ஒன்றில் உப்பு, ஒன்றில் இல்லை, ஒன்றில் எலுமிச்சை. இப்போது நான்தான் வைக்கிறேன். பொய் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால் ஒவ்வொரு தடவையும் "தப்புப்பா" என்று சொன்னேன். அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. மெஷின்காரர் ஏன் பொய் சொன்னார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

நேற்று முதல் கிண்ணத்தை வாயில் வைத்தார். கண்ணை மூடியிருந்தார். தாடை அசைந்தது, நின்றது. மறுபடி அசைந்தது. திடீரென்று கையில் துப்பினார். நான் பதறிவிட்டேன்.

"உப்பு தூக்கல்" என்றார். "பருப்பு ஒரு கொதி கம்மி. அடி பிடிக்க விட்டிருக்கே. மேல தண்ணி ஊத்தி மறைச்சிருக்கே."

மூன்றும் உண்மை.

அவர் உள்ளங்கையில் மஞ்சளாக, எச்சிலோடு, பாதி மென்ற பருப்பு. எனக்குக் குமட்டியது. பொய் சொல்லமாட்டேன், இப்போதும் குமட்டுகிறது. ஆனால் துணி தேடி உள்ளே போகவில்லை. என் கையாலேயே துடைத்தேன். சூடாக இருந்தது.

பிறகு இரண்டாவது கிண்ணத்தை எடுத்து, முழுவதையும் குடித்தார். அவர் விழுங்குவதை முதல் தடவையாகப் பார்ப்பது போல் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதம் திரும்பவில்லை. டாக்டரம்மா இப்போது "பார்ப்போம்" என்றுகூடச் சொல்வதில்லை. செருப்பு கழன்றால் அவருக்குத் தெரிவதில்லை. கண்ணாடித் துண்டை மிதித்தாலும் தெரியாது. போன வாரம் தரையில் ரத்தக் கறையைப் பார்த்துத்தான் காயம் என்று கண்டுபிடித்தோம். ஆனாலும் சாயங்காலம் நடக்க வேண்டும் என்கிறார். நான் முன்னால் நடக்கிறேன், கல், பள்ளம் பார்த்துச் சொல்கிறேன். செருப்பு எங்கே கழன்றது என்று பார்க்கப் பின்னால் ஒருவர் நடக்க வேண்டும். மெஷின்காரருக்கு வயதாகிவிட்டது. நான் கூப்பிட்டால் அவருக்குக் கேட்பதும் இல்லை.

அடுத்த பார்சலை அனுப்பாதே. டப்பா எதுவும் வேண்டாம். சும்மா கையை வீசிக்கொண்டு வா. வந்து எங்களோடு சாப்பிட உட்கார். உன் தட்டை அவர் பார்க்கட்டும். உப்பு கூடவா குறைவா என்று அவர் சொல்லட்டும், நீ குறுக்கே பேசாதே.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் இரண்டு பேர் உடம்பும் நன்றாக இருக்கட்டும், கடைசி விரல் நுனி வரைக்கும் நன்றாக இருக்கட்டும்.

வாசலில் அவருடைய ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. இன்னொன்றைத் தேடப் போகிறேன். இருட்டுவதற்குள்.

தங்கை